பெலாஜியுஸ உடனே தள்ளி வைக்கலீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயிறு மலர்ல வந்த ஜென்ம பாவம் (ஆதாம் செஞ்ச பாவம் பொறக்கும்போதே நம்ம மேல இருக்குங்கற போதனை) கட்டுரைய படிச்சேன். நல்லா தான் எழுதிருந்தாங்க, ஆனா 1600 வருசம் முன்னாடி இருந்த கிறிஸ்தவ போதகர் பெலாஜியுஸ 'கடவுள் அருளே தேவையில்லன்னவர், சபை உடனே தள்ளி வச்சுது'ன்னு ரெண்டே வரியில முடிச்சுட்டாங்க, அந்த 'உடனே' தான் இடிக்குது.

பிரிட்டன்ல இருந்து ரோமுக்கு வந்தவரு அவரு, அங்க ஞானஸ்நானம் வாங்கிட்டு இஷ்டத்துக்கு வாழ்ற ஆளுங்கள பாத்து நொந்து போனவரு. அப்படிப்பட்டவர் முன்னாடி ஒரு பிஷப், 'நீர் கட்டளையிடுறத நீரே கொடும், அப்புறம் உமக்கு இஷ்டமானத கட்டளையிடும்'ங்கற வட ஆப்பிரிக்க பிஷப் அகுஸ்தீனோட வரிய சொன்னா, எல்லாத்தையும் கடவுள் மேலயே போட்டுடலாம்ங்கற மாதிரி கேக்கும், கோவம் வருமா வராதா? அவர் அருளே வேணாம்னு சொல்லல சார். நல்லது கெட்டது தெரிஞ்சு செய்யற மனசு, மோசேயோட சட்டம், இயேசு காட்டின முன்மாதிரி எல்லாமே அருள் தான்னாரு. அகுஸ்தீனுக்கு அது பத்தல. வழி காட்டுறது வேற, நடக்க கால்ல தெம்பு குடுக்கறது வேறங்கற மாதிரி. இந்த இடத்துல எனக்கும் அகுஸ்தீன் சொல்றது தான் சரின்னு படுது, சிகரெட்ட விட முயற்சி பண்ணவங்களுக்கு புரியும்.

ஆனா கி.பி. 415ல பாலஸ்தீனத்துல கூடின பிஷப்புங்க பெலாஜியுஸ் மேல தப்பில்லன்னு விட்டுட்டாங்க. 417ல போப் இன்னொசென்ட் விலக்கி வச்சாரு, அவர் இறந்ததும் அதே வருசம் வந்த போப் சோசிமுஸ் இவர் மேல குத்தமில்லங்கற மாதிரி ஆப்பிரிக்க பிஷப்புங்களுக்கு லெட்டர் எழுதினாரு. 418 ஏப்ரல் 30ல பேரரசர் ஹொனோரியுஸ் ரோம விட்டு துரத்துங்கன்னு உத்தரவு போட, மறுநாளே வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ்ல கூடின பிஷப்புங்க சங்கம் கண்டனம் பண்ண, அப்புறம் தான் போப்பும் அந்த பக்கம் வந்தாரு. போப்போட அந்த கண்டனத்துக்கும் கையெழுத்து போட மாட்டோம்னு இத்தாலியில 18 பிஷப்புங்க நின்னாங்க. இதுவா உடனே?

இன்னொன்னு. ஆதாமால பாவமும் சாவும் வந்துச்சுன்னு சொல்ற ரோமர் 5:12 வசனத்த பத்தி கட்டுரையில மூச்சே இல்ல. அகுஸ்தீன் கையில இருந்த லத்தீன்ல 'அவனில் எல்லாரும் பாவம் செய்தார்கள்'ங்கற மாதிரி இருந்துச்சு, அவருக்கு கிரேக்கம் கொஞ்சம் தான். நம்ம பழைய தமிழ் பைபிள எடுத்து பாருங்க, 'எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்'னு கிரேக்கத்துல உள்ளபடியே இருக்கும். கிழக்கு (ஆர்த்தடாக்ஸ்) சபைங்க ஆதாமால சாவு வந்துச்சு, ஆனா அவனோட குத்தம் நம்ம தலையில இல்லன்னு இன்னைக்கும் சொல்றாங்க. நான் ஞாயிறு மறைக்கல்வி எடுத்தப்ப, ஞானஸ்நானம் வாங்காம செத்த பாப்பா எங்க டீச்சர் போகும்னு ஒரு பொண்ணு கேட்டா. அகுஸ்தீன் சொன்ன பதில், அதாவது லேசான தண்டனை தான் ஆனாலும் தண்டனைன்னு, அத எனக்கு வாயில வரல.

அடுத்த வாரம் லூத்தர்னு போட்டிருக்கீங்க. அதுக்கு முன்னாடி 529ல, இன்னைக்கு பிரான்ஸ்ல இருக்கற ஆரஞ்ச்ங்கற ஊர்ல நடந்த பிஷப்புங்க சங்கத்த ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்க. அங்க அருள் தான் முதல்லன்னு அகுஸ்தீன் பக்கம் நின்னவங்களே, சிலர கெட்டதுக்குன்னே கடவுள் முன்கூட்டி குறிச்சுட்டாருங்கறத மட்டும் ஒத்துக்கவே இல்ல.

இப்படிக்கு,
ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தி, பாளையங்கோட்டை