சூரனைப் பற்றி அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

நேற்றுக் காலை நம் குதிரை சூரனுக்குக் காயடித்தாகிவிட்டது. தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். நம் உறவினர்களும் குதிரை வளர்ப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். ஆகவே சென்ற ஆடியில் நீங்கள் கிளம்பிப் போன இரவில் நாம் பேசிக்கொண்டதை இங்கே எழுதமாட்டேன்.

அவனை நான் அடித்தது தவறு. லாயத்துச் சுவரோடு என்னை நெருக்கித் தோளைக் கவ்வியபோது, கைக்கு அகப்பட்ட கழியை வீசினேன். அவன் விட்ட பிறகும் வீசினேன். நீங்கள் பார்த்தது அந்தப் பிந்திய அடிகளை மட்டுமே. கடித்த நொடியைத் தாண்டி விழும் அடி எதற்கென்று குதிரைக்கு விளங்காது. நான் கையை உயர்த்தினாலே தலையைத் தூக்கி மிரளும் கூச்சம் அவனுக்கு வந்துவிட்டது. அது மாற நான்கு மாதம் பிடித்தது.

ஆனால் அண்ணா, கடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? தாயில்லாத குட்டிக்கு இரவெல்லாம் எழுந்து எழுந்து புட்டிப்பால் கொடுத்து உயிரை நிறுத்தியவர் நீங்கள்; அதை ஊரறியச் சொல்வேன். மற்றக் குதிரைகளோடு அவனை விட்டிருந்தால், வயதான பெட்டைக் குதிரை ஒன்று காதைப் பின்னுக்கு மடக்கியே, எவ்வளவு நெருங்கலாம் என்பதைப் புரியவைத்திருக்கும். நீங்களோ சட்டைப்பையில் வெல்லம் வைத்து, அவன் மூக்கால் இடித்து எடுப்பதைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஏறக்குறைய 300 கிலோ எடையுடன் அவன் அதையே செய்தபோது வாங்கிக்கொண்டவள் நான்.

அதன் பிறகு நான் கழியைத் தொடவில்லை. தலைக்கயிறும் 12 அடி நீளக் கயிறும் மட்டுமே. மந்தையில் எந்தக் குதிரை எதை நகரவைக்கிறது என்பதில் யார் பெரியவர் என்பது தெரியும். அவன் இடிக்கவரும்போது நான் ஒதுங்கினால் அவனே பெரியவன். கயிற்றை லேசாக ஆட்டுவேன். அவன் எடை பின்னங்காலுக்குச் சாய்ந்த அதே கணத்தில் நிறுத்துவேன். அந்தத் தளர்விலிருந்துதான் அவன் கற்றான். முதல் நாள் ஓரடி பின்வாங்க அரை மணி நேரமாயிற்று.

தை மாதத்து விடியற்காலை ஒன்றில் ஊறவைத்த கொள்ளு வாளியோடு உள்ளே போனேன். நெஞ்சால் இடித்துவிட்டு வாளிக்குள் மூக்கை நுழைப்பவன், அன்று கயிறில்லாமலே, நான் வாய் திறக்காமலே, கை நீளத் தொலைவில் நின்றான். மார்வாரி இனக் குதிரைக்கு உரிய வளைந்த காதுகள் இரண்டும், நுனியோடு நுனி தொட, என் பக்கம் திரும்பியிருந்தன. தொட்டியில் கொட்டிவிட்டு விலகினேன். ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, வாயை மென்றபடி, தலையைத் தாழ்த்தி வந்தான். எனக்கு அழுகை வந்தது. அப்போதே உங்களை அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

குட்டி ஈனவைக்க அவனைப் பொலிக்கு வைக்க வேண்டும், அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிக் குதிரைச் சந்தையில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் உங்கள் ஆசை. பெட்டைக் குதிரைகள் கனைக்கும், குழந்தைகள் குறுக்கே ஓடும் அந்தக் கூட்டத்தில் அவனை யார் பிடித்து நிற்பது? காயடித்ததாலேயே குணம் மாறிவிடாது. உடம்பில் உள்ள சுரப்பு அடங்கவே சில வாரம் ஆகும், பழகிய முரட்டுத்தனத்தைப் பழக்கித்தான் போக்க வேண்டும். அந்த வேலையை நான் செய்துகொண்டிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் செய்ததுதான் உறுத்துகிறது. கேட்டிருந்தால் மறுத்திருப்பீர்கள்; அதனால்தான் கேட்கவில்லை.

வீக்கம் வடிய நடத்த வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் இன்று வரப்போரமாக அழைத்துச் சென்றேன். கயிறு தொய்ந்தே இருந்தது. நீங்கள் வண்டியை நிறுத்தும் வேப்பமரத்தடிக்கு வந்ததும் தானாக நின்று, தரையை வெகுநேரம் முகர்ந்தான்.

வாருங்கள் அண்ணா. வெல்லம் கொண்டுவந்தால் கையில் கொடுக்காதீர்கள், தொட்டியில் போடுங்கள்.

உங்கள் தங்கை