ஆய்வு மிதவையில் படகைக் கட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தடைக்காலம் முடிந்து ஜூன் 15ஆம் தேதி விசைப்படகுகள் ஆழ்கடலுக்குக் கிளம்பும் முன், மீன்பிடித் துறைமுகங்களில் ஒரு தாள் கொடுத்தாக வேண்டும். கடலை அளந்து தகவல் அனுப்பும் ஆய்வு மிதவைகள் வங்கக்கடலில் எங்கெங்கே நிற்கின்றன என்று சொல்லும் தாள். அது இல்லாததால் வரும் சேதம் கரையில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் பராமரிக்கும் இந்த மிதவைகளில் கண்ணுக்குத் தெரிவது மேல்பகுதி மட்டுமே. அடியில் 500 மீட்டர் வரை பிளாஸ்டிக் உறையிட்ட எஃகுக் கம்பிவடம் தொங்குகிறது. வெப்பநிலையையும் உப்பின் அளவையும் பார்க்கும் உணரிகள் அதில் வரிசையாகக் கவ்வப்பட்டிருக்கும். அதற்கும் கீழே செயற்கை இழை வடம், கடைசியில் தரையில் டன் கணக்கில் எடையுள்ள நங்கூரம்.

இந்த உணரிகளுக்குத் தனி ஒயர் கிடையாது. கம்பிவடமே தகவலை மேலே கொண்டுவருகிறது. மின்சுற்று கடல்நீர் வழியாக முழுமையாகிறது. ஆகவே ஆயிரங்கால் தூண்டிலின், அதாவது நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டிய தூண்டிலின், ஒரு முள் அந்த உறையைக் கீறினாலே போதும். உப்புநீர் உள்ளே இறங்கும், சமிக்ஞை கசியும், பிறகு துரு ஏறும். மிதவை பார்வைக்கு நன்றாகத்தான் மிதந்துகொண்டிருக்கும். கீழிருந்து வரவேண்டிய எண்கள்தான் நின்றுபோகும்.

படகைக் கட்டுவது இன்னும் மோசம். வடத்தின் பலம் மிதவைக்கும் அலைக்கும் நீரோட்டத்துக்கும் கணக்கிடப்பட்டது, விசைப்படகுக்கு அல்ல. அலை தூக்கிப் போடும்போதெல்லாம் வெட்டி இழுக்கும் இழுப்பு, சங்கிலி சேரும் இணைப்பில் போய் விழுகிறது. அங்கே அறுந்தால் மிதவை நீரோட்டத்தோடு போய்விடும். சுனாமி மிதவை என்றால் கதையே வேறு. 6 கிலோமீட்டர் ஆழத்திலும் 1 சென்டிமீட்டர் நீர்மட்ட மாற்றத்தை உணரக்கூடிய கருவி கடல் தரையில் இருக்கிறது. அது ஒலி வழியாக மேலே சொல்வதை, மிதவைதான் செயற்கைக்கோளுக்குத் தருகிறது. மிதவை போனால் கீழே அளவு தொடரும். ஹைதராபாத் எச்சரிக்கை மையத்துக்கு எதுவும் வராது.

உடனே போய் மாற்றிவிடவும் முடியாது. ‘சாகர் நிதி’ போன்ற ஆய்வுக்கப்பலுக்கு நாள் கிடைக்க வேண்டும், கடலும் அடங்கியிருக்க வேண்டும். கப்பலிலிருந்து ஒலிக்குறியீடு அனுப்பி நங்கூரத்துக்கு மேலுள்ள கொக்கியைத் திறந்து, பழைய வடத்தை வின்ச்சில் ஏற்றவே மணிக்கணக்காகும். உணரிகளில் ஒட்டிய கொட்டலசு என்ற ஓட்டுயிரியையும் பாசியையும் சும்மா விட முடியாது. உப்பளக்கும் குழாய் அடைபட்டால், இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதனால்தான் பக்கத்திலேயே கப்பலிலிருந்து கருவி இறக்கி நீரை அளந்து ஒப்பிடுகிறார்கள்.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்கலாம். அது காண்பது கடலின் மேல்தோலை. கங்கை, பிரம்மபுத்திரா கொண்டுவரும் நன்னீர் வங்கக்கடலின் மேலே மெல்லிய அடுக்காகப் பரவ, அதற்கடியில் வெப்பம் தங்கிவிடுகிறது. புயலுக்குத் தீனி போடும் அந்த வெப்பத்தை உள்ளே இறங்கித்தான் அளக்க முடியும். 2013 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பைலின் புயலை இந்த மிதவைகள் நடுக்கடலிலேயே பதிவு செய்தன. இந்தத் தகவலால் முதலில் உயிர் தப்புகிறவர்கள் கடலில் இருப்பவர்களே.

மீனவர்கள் மிதவைப் பக்கம் போவது மீனுக்காகத்தான். மிதவையில் ஒட்டிய பாசியைத் தேடிச் சிறுமீன் வரும், அதைத் தேடிச் சூரை வரும். கிடைக்கிற மீனை விடு என்று சொல்பவர்கள் காரணத்தையும் விளக்கிச் சொல்ல வேண்டும். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்மானம், இப்படித் தகவல் தரும் மிதவைக்கு 1 கடல் மைலுக்குள் வேண்டுமென்றே மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. நம் துறைமுகங்களில் இது எத்தனை பேர் காதுக்கு எட்டியிருக்கிறது?

தாளில் வெறும் புள்ளி குறித்தால் போதாது. வடம் தளர்வாக இருப்பதால் மிதவை கிலோமீட்டர் கணக்கில் வட்டமடிக்கும். ஆகவே நங்கூரப் புள்ளியும் வட்டத்தின் ஆரமும், படகிலுள்ள ஜி.பி.எஸ்.ஸில் அப்படியே ஏற்றும்படி பாகை, நிமிடத்தில் இருக்க வேண்டும். வலை சிக்கினால் மிதவையைத் தூக்கவோ அதன் வடத்தை அறுக்கவோ கூடாது, தன் வலையை அறுத்துவிட்டு 1554 என்ற கடலோரக் காவல்படை எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அச்சாக வேண்டும். அப்படி அறுத்துவிட்டு வருபவருக்கு வலையின் விலையை மீன்வளத்துறை ஈடாகத் தர வேண்டும்.

இப்படிக்கு,
கடல் ஆய்வுக் கருவிகள் அறிந்த வாசகர்,
சென்னை