பயண எழுத்தாளர் வட்டம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. சந்தா நிலுவை இல்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு சேர்ந்தவர்களில் பலர் இதுவரை ஒரு கட்டுரைகூட வெளியிடாதவர்கள். அவர்கள் கேட்ட ஒரு கேள்விதான் நம் கூட்டங்களின் போக்கையே மாற்றியது: "எத்தனையோ பேர் எழுதிவிட்ட ஊரைப் பற்றி நான் இப்போது எழுத என்ன காரணம் இருக்கிறது?"

பத்திரிகை ஆசிரியரும் இதைத்தான் கேட்கிறார். அதனால் பழைய பயணக் கட்டுரைகளை வாசித்துப் பேசும் வழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்தோம். உலகப் பயணத்தில் இப்போது என்ன மாறுகிறது என்று பார்த்து, அதிலிருந்து கட்டுரைக்கான கருவை எடுக்கப் பழகுவது என்று முடிவு செய்தோம்.

தொடக்கத்தில் வந்தவை பெரும்பாலும் தலைப்புச் செய்திகள். 'வெனிஸில் கூட்டம் தாங்கவில்லை' என்று ஒருவர் கொண்டுவந்தார். உண்மைதான், ஆனால் அது எல்லாருக்கும் தெரிந்தது. சரி, அங்கே புதிதாக என்ன நடந்திருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தோம். பகலில் வந்து போகிறவர்களிடம் 2024 ஏப்ரல் 25 முதல் நகராட்சி 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. முதல் ஆண்டில் 29 நாட்களுக்கு இருந்தது, 2025இல் 54 நாட்களுக்கு விரிந்தது. கடைசி நேரத்தில் பதிகிறவர்களுக்குக் கட்டணம் இரட்டிப்பு. காலை எட்டரை முதல் மாலை 4 வரைதான் இந்த விதி. ஊரில் இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்கு வருகிறவர்களுக்கும், படிக்க வருகிறவர்களுக்கும், சுற்றியுள்ள வெனெடோ வட்டாரத்தில் வசிப்பவர்களுக்கும் விலக்கு உண்டு.

இவ்வளவு விவரம் கைக்கு வந்ததும் கருக்கள் தாமாகவே பிறந்தன. மாலை 4 மணிக்கு மேல் அந்த ஊர் யாருடையது என்பது ஒன்று. விலக்குப் பட்டியலை வைத்தே ஊரின் அன்றாட வாழ்க்கையை எழுதுவது இன்னொன்று. இரண்டாவதைச் சொன்னவர் இந்த ஆண்டு சேர்ந்த உறுப்பினர் என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன். பயணப்போக்கு நமக்குத் தருவது எழுதும் வேளையை மட்டும்தான். கட்டுரையின் உயிர் அந்தப் போக்குக்குள் இருக்கும் ஒரு விதியிலோ மனிதரிலோ நேரத்திலோ இருக்கிறது என்பது எனக்கு அன்று உறுதிப்பட்டது.

ஜப்பானின் ஃபூஜி மலையை எடுத்தபோதும் இதே அனுபவம். 2025இல் நான்கு ஏறுவழிகளுக்கும் கட்டணம் வந்துவிட்டது. மலைக்குடிலில் இடம் பதியாதவர்களைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் ஏற விடுவதில்லை. சூரிய உதயம் பார்க்க ஓய்வே எடுக்காமல் இரவோடு இரவாக ஏறி உடல் தளர்ந்து போகிறவர்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. அங்கே எழுத வேண்டியது அந்த அவசரத்தைப் பற்றித்தான் என்று கூட்டம் ஒருமனதாகச் சொன்னது.

ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது 2026 ஆகஸ்ட் 12 அன்று வரும் முழு சூரிய கிரகணம். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, வட ஸ்பெயின் வழியாக நிழல் போகிறது. ஐஸ்லாந்துக்கு 1954க்குப் பிறகு இதுதான் முதல் முழு கிரகணம். ஸ்பெயினில் இது சூரியன் மறையப் போகும் நேரத்தில் வருகிறது. மேற்கே ஒரு குன்று மறைத்தாலும் காட்சி போய்விடும். மாட்ரிட், பார்சிலோனா இரண்டுமே பாதைக்குச் சற்று வெளியே விழுகின்றன. லியோன், பூர்கோஸ், சரகோசா உள்ளே இருக்கின்றன. ஆகவே பெருநகரங்களை விட்டு, மேற்குத் திசை திறந்திருக்கும் உள்நாட்டு ஊர்களை நோக்கி மக்கள் போவார்கள். அதே இரவில் பெர்சியட் எரிகல் பொழிவும் உச்சத்தில் இருக்கும், நிலவும் இருக்காது. அப்புறம் 2027 ஆகஸ்ட் 2இல் அடுத்தது: எகிப்தின் லக்சர் பகுதியில் முழு மறைப்பு 6 நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும். அந்நாட்டின் பெரிய அருங்காட்சியகம் கீசாவில் 2025 நவம்பர் 1 அன்றுதான் முறையாகத் திறக்கப்பட்டது. இரண்டையும் இணைத்து எழுத இப்போதே தொடங்கலாம்.

இதிலிருந்துதான் நாட்களைப் பின்னோக்கி எண்ணப் பழகினோம். அச்சு மாத இதழ்கள் பல மாதங்களுக்கு முன்பே இதழைத் திட்டமிட்டுவிடும். நாளிதழ் இணைப்புக்குச் சில வாரங்கள் போதும், இணையத்துக்கு அதைவிடக் குறைவு. ஆகஸ்டில் படிக்க வேண்டியதை ஜூலையில் அனுப்பினால் மாத இதழில் இடம் கிடைக்காது. வாசகரும் கிளம்புவதற்கு முன்பே படிக்க வேண்டும் அல்லவா?

போக்குகளை எங்கே பார்ப்பது என்பதையும் பகிர்ந்துகொண்டோம். எந்த ஊரை எந்த மாதத்தில் மக்கள் தேடத் தொடங்குகிறார்கள் என்பதைக் கூகுள் டிரெண்ட்ஸ் காட்டும். ஐ.நா. சுற்றுலா அமைப்பின் அறிக்கைகள், யுனெஸ்கோ பட்டியலில் ஆண்டுதோறும் சேரும் புதிய இடங்கள், விசா விதி மாற்றங்கள், டிசம்பரில் மாறும் ஐரோப்பிய ரயில் கால அட்டவணை எல்லாம் பொதுவில் கிடைப்பவை.

ரயில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் இரவு ரயில்கள் மீண்டும் பெருகுவதைப் பற்றி இரண்டு உறுப்பினர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் தொடங்கிய பாரிஸ்–பெர்லின் 'நைட்ஜெட்' இரவு ரயில், பிரெஞ்சு அரசின் மானியம் நின்றதால் 2025 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. வேறொரு நிறுவனம் அந்த வழித்தடத்துக்கு முன்வந்திருக்கிறது. அவர்கள் கட்டுரையைக் கைவிடவில்லை. மானியம் இல்லாமல் இரவு ரயில் ஓடுமா என்று கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். கட்டுரை அதனால் ஆழமாகிவிட்டது. அனுப்பும் நாளன்று தகவல்களை மறுபடி சரிபார்ப்பதை அனைவரும் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.

காரசாரமாகப் போன கூட்டம் ஒன்றும் உண்டு. கூட்டம் சேராத சிறு இடங்களைப் பெயர் சொல்லி எழுதலாமா என்பது விவாதம். தாய்லாந்தின் மாயா விரிகுடா, கூட்டத்தால் பவளப்பாறைகள் சிதைந்ததால் 2018 ஜூனில் மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தது. எழுதுகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்றே நான் நம்புகிறேன். முடிவு எட்டவில்லை. அந்த இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று அங்கே வசிப்பவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுவது என்ற அளவில் உடன்பாடு ஏற்பட்டது.

வரும் ஆண்டில் கிரகணக் கட்டுரைகளுக்குத் தனிக்குழு அமைக்கவும், அடுத்த 18 மாதங்களின் நிகழ்வுகளை அனுப்ப வேண்டிய தேதியோடு சேர்த்து நாட்காட்டியாக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. குழுவில் சேர விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கலாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்