கைரேகைக்கு முன்னால் ஒரு மொழிபெயர்ப்பாளர்: சவூதி அரேபிய நீதித்துறைக்கு ஒரு திறந்த மடல்

சவூதி அரேபிய நீதி அமைச்சுக்கும், உச்ச நீதிப் பேரவைக்கும், பொது வழக்குத் தொடுநர் அலுவலகத்துக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

நான் இலங்கையின் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்தவன். உங்கள் நாட்டில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்தேன். அவற்றுள் ஒன்பது ஆண்டுகள், ரியாதிலிருந்து மூன்று மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள சிறு நகரமொன்றின் பகாலாவில், அதாவது மளிகைக் கடையில், கழிந்தன. என் இரண்டு தங்கைமாரின் திருமணமும் உம்மாவின் உம்றாவும் அந்த உழைப்பில் நிறைவேறியவை. அந்த நன்றி மாறாத மனத்தோடுதான் ஒரேயொரு விடயத்தை உங்கள் முன் வைக்கிறேன்: அரபு அறியாத ஒருவர் உங்கள் பொலிஸ் நிலையத்தில் முதன்முதலாக வாய் திறக்கும்போது, அவர் சொல்வதை அரபுக்குக் கொண்டுவருபவர் யார்?

நோன்பு மாதத்தின் ஒரு பின்னிரவில், ஸஹர் நேரத்து வியாபாரத்துக்காகக் கடை திறந்திருந்தபோது, இரண்டு பொலிஸார் வந்து "இங்கே சீலானி யார்?" என்று இலங்கையரைத் தேடிக் கேட்டார்கள். நான் கைகாட்டப்பட்டேன். நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், காலில் செருப்பில்லாமல், எங்கள் நாட்டுப் பெண் ஒருத்தி அமர்ந்திருந்தாள். அவள் ஒரு வீட்டில் கத்தாமா, அதாவது பணிப்பெண். வீட்டு எஜமானியின் தங்க வளையலைத் திருடியதாகக் குற்றச்சாட்டு. நான் மொழிபெயர்க்க வேண்டும் என்றார் அதிகாரி. என் அரபு, அரிசி மூட்டைக்கும் கடன் கொப்பிக்கும் தொலைபேசி அட்டைக்கும் போதுமான அரபு. அதை அவரிடம் சொன்னேன். "பரவாயில்லை, நாலு கேள்விதான்" என்றார்.

அந்தப் பெண் சொன்னாள்: "வளையல் குளியலறையில கிடந்திச்சு. சின்னப் புள்ளைகள் கையில அம்பிட்டுரும் என்டு நான் எடுத்து வச்சேன், நானா." (எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன்.) எடுத்து வைப்பது என்றால் என்ன என்று தமிழ் பேசும் எவருக்கும் தெரியும், பிறர் பொருளைப் பத்திரப்படுத்துவது அது. எனக்குத் தெரிந்த அரபில் "எடுத்தாள்" என்பதற்கு ஒரு சொல் இருந்தது, "வைத்தாள்" என்பதற்கு ஒரு சொல் இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னேன். "எங்கே வைத்தாள்?" என்று அதிகாரி கேட்டார். "என்ட பெட்டிக்குள்ள" என்றாள். அதையும் சொன்னேன். அவர் தலையசைத்து எழுதினார். எழுதி முடித்த தாளை எனக்கு வாசித்துக் காட்டவில்லை; காட்டியிருந்தாலும் அந்த எழுத்து அரபை நான் புரிந்திருக்கமாட்டேன். அவளுடைய பெருவிரலில் மை தடவி, தாளின் அடியில் அழுத்தினார்கள். எனக்கு ஒரு குவளை தேநீர் தந்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார்கள்.

ஒன்பது மாதம் சிறையில் இருந்துவிட்டு, தர்ஹீல் எனும் நாடுகடத்தல் முகாம் வழியாக, சம்பளம் எதுவும் இல்லாமல் அவள் ஊர் திரும்பினாள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு விடுமுறையில் வந்தபோது விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். குரலை உயர்த்தாமல் ஒன்றைத்தான் கேட்டாள்: "நான் எடுத்து வச்சேன் என்டுதானே சொன்னேன், நானா. நீங்க என்ன சொன்னீங்க?" அந்த இரவில் அங்கே யாரும் அவளை அடிக்கவில்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை. அந்த அதிகாரி மோசமான மனிதர் அல்லர். இருந்தும் ஒரு பெண் சொல்லாத ஒன்று அவளுடைய ஒப்புதல் வாக்குமூலம் ஆயிற்று. அதைச் செய்த நாக்கு என்னுடையது.

அவளுக்குப் பறிபோனது ஒன்பது மாதம். எங்கள் மாகாணத்தின் மூதூரிலிருந்து வந்த ரிசானா நபீக்குக்குப் பறிபோனது உயிர். 2004 டிசம்பரில் கடற்கோள் எங்கள் கரையை அள்ளிக்கொண்டு போனது. அதன் ஐந்தாவது மாதத்தில், 2005 மே மாதத்தில், அவர் உங்கள் நாட்டின் தவாத்மி நகரில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டு வேலைக்கென்று போனவரிடம் நான்கு மாதக் கைக்குழந்தையும் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் குழந்தை மே 22 அன்று இறந்தது. புட்டிப்பால் கொடுக்கும்போது குழந்தைக்குப் புரையேறியது என்பது ரிசானாவின் கூற்று. கழுத்தை நெரித்தார் என்பது குற்றச்சாட்டு. பொலிஸாரிடம் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதலை நீதிமன்றத்தில் மறுத்தார். 2007 ஜூன் 16 அன்று மரண தண்டனை விதிக்கப்படும் வரை அவருக்குச் சட்டத்தரணி எவரும் இருக்கவில்லை. அந்த வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்று அவருக்காகப் பிற்பாடு போராடியவர்கள் எடுத்துக்கூறினார்கள். 2013 ஜனவரி 9 அன்று தவாத்மியில் வாளால் தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988 பெப்ரவரி. குழந்தை இறந்த நாளில் அவருக்கு வயது பதினேழு.

குழந்தையை இழந்த பெற்றோரின் துயரத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்பதை அல்லாஹ் அறிவான். நான் கேட்பது ஒரு சொல்லைப் பற்றி. பாலோ தண்ணீரோ மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால் நாங்கள் "புரையேறிட்டு" என்போம். குழந்தை பெற்ற எந்தத் தமிழ்த் தாய்க்கும் அந்தச் சொல் தெரியும். அரபில் மூச்சுத் திணறினான் என்பதற்கு "இக்தனக" என்றும், கழுத்தை நெரித்தான் என்பதற்கு "கனக" என்றும் வரும். இரண்டும் ஒரே மூன்றெழுத்து வேரில் பிறந்தவை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கடைத்தெருவிலும் பண்ணையிலும் அரபு கற்ற ஒருவனின் வாயில் இவ்விரண்டும் எவ்வளவு எளிதாக இடம் மாறும் என்பதை, கடைத்தெருவில் அரபு கற்ற நான் அறிவேன். ரிசானாவின் வழக்கில் அப்படித்தான் நடந்தது என்று நான் சாட்சி சொல்லவில்லை. அப்படி நடக்கவில்லை என்று எவராலும் உறுதி கூற முடியாத நிலையில் ஓர் உயிர் எடுக்கப்பட்டது என்றே சொல்கிறேன்.

இதற்கு வெளியிலிருந்து ஒரு சட்டத்தை இரவல் வாங்கிவரத் தேவையில்லை. அலீ ரழியல்லாஹு அன்ஹு அவர்களை யமனுக்குக் காழியாக (நீதிபதியாக) அனுப்பியபோது, இரு தரப்பினர் உம் முன் அமர்ந்தால் முதலாமவரைக் கேட்டதுபோல மற்றவரையும் கேட்கும் வரை தீர்ப்பளிக்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பணித்தார்கள். மாயிஸ் என்ற தோழர் தாமாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அவர் நான்கு முறை கூறும் வரை நபிகளார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இவருக்குப் புத்தி பேதலித்திருக்கிறதா, குடித்திருக்கிறாரா என்றெல்லாம் விசாரித்தார்கள். ஒப்புதலைக் கண்டதும் வழக்கை மூடிவிடுவது அவர்களுடைய வழியாக இருக்கவில்லை. யூதர்களின் கடிதங்களைப் பிறர் வாசித்துச் சொல்வதை நம்பியிராமல், அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு ஸைத் இப்னு தாபித் அவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். காழியின் முன் மொழிபெயர்ப்பவர் ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா என்பது இமாம்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவாக விவாதித்த விடயம். எங்கள் ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபும் (மார்க்கச் சட்டப் பள்ளியும்), உங்கள் நீதிமன்றங்கள் சார்ந்து நிற்கும் ஹன்பலி மத்ஹபின் நிலைபெற்ற கருத்தும், மொழிபெயர்ப்பைச் சாட்சியத்துக்கு இணையாக வைத்து, நேர்மையான இருவர் வேண்டும் என்கின்றன. உங்கள் மத்ஹப் இருவரைக் கேட்கிறது. அன்றிரவு அந்த நிலையத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன், அதுவும் தகுதியற்றவனாக.

மார்க்கமே தண்டனையை வரையறுத்த ஹத்துக் குற்றங்களில் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், கிஸாஸ் எனும் உயிருக்கு உயிர் என்ற தண்டனை மனிதரின் உரிமை சார்ந்தது என்பதால் அதில் பின்னால் வரும் மறுப்பு ஏற்கப்படாது என்று உங்கள் காழிமார் பதில் கூறக்கூடும். அது மார்க்கச் சட்டத்தின் நிலைப்பாடு என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த நிலைப்பாடே என் வேண்டுகோளுக்கு வலுவூட்டுகிறது. பின்னால் மாற்ற முடியாத சொல் என்றால், அது முதன்முதலாகச் சொல்லப்படும் நேரம்தான் முழு வழக்கிலும் கனமான நேரம். காழியின் முன் பின்னாளில் எத்தனை திறமையான மொழிபெயர்ப்பாளர் வந்து நின்றாலும், அவர் மொழிபெயர்ப்பது ஏற்கெனவே கைரேகை பதிந்துவிட்ட ஒரு தாளைச் சுற்றியே அமையும். கிஸாஸை வலியுறுத்துவதா மன்னிப்பதா என்பது இறந்தவரின் குடும்பத்தின் உரிமை. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதைச் சரியாகக் கேட்பது நீதிமன்றத்தின் கடமை. முதலாவதில் அரசு தலையிட முடியாமல் இருக்கலாம். இரண்டாவது முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் சட்டங்களும் இதற்கு இடம் தருகின்றன. 1992-இன் ஆட்சி அடிப்படைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, வழக்காடும் உரிமையைக் குடிமக்களுக்கும் நாட்டில் வசிப்போருக்கும் சமமாக உறுதிசெய்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, விசாரணையின்போதே சட்டத்தரணியை வைத்துக்கொள்ளும் உரிமையை அளிக்கிறது. அரபு அறியாதவருக்கு நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தவேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. நீதிமன்றங்களுக்குத் தொலைவிலிருந்தே மொழிபெயர்த்துத் தரும் மையம் ஒன்றையும் நீதி அமைச்சு நடத்துகிறது. 2020-இல் தஃஸீர் (ஆட்சியாளரின் தீர்மானத்துக்கு விடப்பட்ட) தண்டனையாகக் கசையடி வழங்குவதை நிறுத்தினீர்கள்; அண்மைய ஆண்டுகளில் சாட்சியச் சட்டத்தையும் குடும்பச் சட்டத்தையும் எழுத்து வடிவில் கொண்டுவந்தீர்கள். மாற்ற முடியாதது என்று வெளியுலகம் எண்ணியவற்றை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள் என்பதால்தான், இந்த மடலுக்குப் பயன் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

நம்பிக்கையைக் குலைக்கும் செய்தியும் வந்துகொண்டிருக்கிறது. போதைப்பொருள் வழக்குகளில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த மரண தண்டனைகள் 2022 நவம்பரில் மீண்டும் தொடங்கின. 2024-இல் மட்டும் உங்கள் நாட்டில் குறைந்தது 345 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதாக அம்னஸ்டி இன்டர்நேஷனல் பதிவு செய்திருக்கிறது. அவர்களுள் வெளிநாட்டவர் நூற்றுக்கும் மேற்பட்டோர். போதைப்பொருள் வழக்கில் மன்னிக்கவோ மறுக்கவோ இறந்தவரின் குடும்பம் என்று ஒன்று இல்லை. அங்கே தண்டனை முழுவதும் தஃஸீர், அதாவது ஆட்சியாளரின் தீர்மானம். அந்த வெளிநாட்டவர்களில் எத்தனை பேருடைய முதல் வாக்குமூலத்தை ஓட்டுநரோ சமையற்காரரோ கடைப்பையனோ மொழிபெயர்த்தார்கள் என்பதை உங்கள் வழக்குக் கோப்புகள்தாம் சொல்லவேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இது. அரபு அறியாதவரிடம் பொலிஸார் எடுக்கும் முதல் வாக்குமூலத்திலிருந்தே, அமைச்சு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் இருக்கவேண்டும். நேரில் வர இயலாத சிறு நகரங்களில் அமைச்சின் மொழிபெயர்ப்பு மையத்தின் திரை வழியாகவேனும் இருக்கட்டும். உயிருக்கு ஆபத்தான குற்றச்சாட்டு என்றால் மத்ஹப் கேட்பதுபோல இருவர் வேண்டும். கேள்வியும் பதிலும் குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்த மொழியில் ஒலிப்பதிவு செய்யப்பட்டுக் கோப்போடு பாதுகாக்கப்பட வேண்டும். அப்போதுதான் ஐந்து ஆண்டுகள் கழித்தும் இன்னொருவர் அதைக் கேட்டு, "இவள் எடுத்தேன் என்று சொல்லவில்லை, எடுத்து வைத்தேன் என்கிறாள்" என்று காழியிடம் எடுத்துரைக்க முடியும். இவை இல்லாமல் பதியப்பட்ட கைரேகையை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு எவருக்கும் மரண தண்டனை விதிக்கப்படக்கூடாது. இப்போது சிறைகளில் தண்டனையை எதிர்நோக்கி இருப்போரின் கோப்புகளையும் இந்த ஒரு கேள்வியை முன்வைத்து மீண்டும் திறந்து பார்க்கவேண்டும்.

தூதரகங்களுக்கு அறிவிப்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. தூதரகத் தொடர்புகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையில் உங்கள் நாடு 1988 முதல் உறுப்பு நாடு. அப்படியிருந்தும் 2015-இலும் 2018-இலும் தன் நாட்டுப் பணிப்பெண்களுக்குத் தண்டனை நிறைவேற்றப்படவிருப்பது முன்கூட்டியே தெரிவிக்கப்படவில்லை என்று இந்தோனேசியா முறையிட்டது. கோழிக்கோட்டைச் சேர்ந்த ஒருவரின் உயிரைக் காக்க 2024-இல் கேரள மக்கள் 1.5 கோடி ரியால் தியத் (இரத்த ஈட்டு) தொகையைத் திரட்டினார்கள். ஏறத்தாழ 34 கோடி இந்திய ரூபாய். அப்படி ஒரு சமூகம் திரண்டு நிற்கவும் கூட, முதலில் அதற்குச் செய்தி போய்ச் சேரவேண்டும். மூதூர் போன்ற ஊர்களில் அவ்வளவு பணமும் இல்லை, பல வேளைகளில் செய்தியும் வருவதில்லை.

எங்கள் பக்கத்துப் பிழையையும் மறைக்க விரும்பவில்லை. பதினேழு வயதுச் சிறுமியின் கடவுச்சீட்டில் 1982 என்று பிறந்த ஆண்டு எழுதப்பட்டது உங்கள் நாட்டில் அல்ல, எங்கள் நாட்டில். முகவர்கள் அதைச் செய்தார்கள், அதைத் தடுக்கவேண்டியவர்கள் தடுக்கவில்லை. மொழி தெரியாத பெண்ணைச் சில நாள் பயிற்சியோடு விமானம் ஏற்றிவிட்டு, அவள் அனுப்பும் அந்நியச் செலாவணியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த எங்கள் அரசுக்கும் இதே விடயம் பற்றித் தனியாக எழுதியிருக்கிறேன்.

இம்மடலை, அந்தத் தாள்களில் பதியாமல் போன மொழியில், தமிழிலேயே எழுதினேன். இதன் அரபு மொழிபெயர்ப்பைக் கொழும்பிலுள்ள உங்கள் தூதரகத்துக்கு அனுப்பிவைக்கிறேன். மொழிபெயர்த்தவர் அரபுக் கல்லூரியில் கற்பிக்கும் ஆலிம் ஒருவர். அதை மூலத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுச் சரிபார்த்தவர் மற்றொருவர். "எடுத்து வச்சேன்" என்ற இடத்தில் இருவருக்கும் கருத்து வேறுபட்டு, அரை நாள் பேசித்தான் முடிவுக்கு வந்தார்கள்.

வஸ்ஸலாம்.

கிழக்கிலங்கையிலிருந்து,
உங்கள் நாட்டில் பகாலாவில் வேலை செய்த ஒரு சீலானி