உளவு பார்த்த ஆய்வாளர்கள்

ஆசிரியருக்கு,

ரகசிய ஆன்மிகக் குழுக்கள் பற்றிய கட்டுரையில் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரை விட்டுவிட்டீர்களே! வேற்றுக்கிரகத்தார் தன் கை வழியே எழுதுவதாகச் சொன்னவர் சிகாகோ அருகே வாழ்ந்த டோரதி மார்ட்டின். 1954 டிசம்பர் 21-ல் பெருவெள்ளம் வரும், நம்பியவர்களைப் பறக்கும் தட்டு ஏற்றிச்செல்லும் என்றார். ஃபெஸ்டிங்கரின் ஆட்கள் பக்தர் வேஷத்தில் உள்ளே நுழைந்தார்கள். வெள்ளமும் வரவில்லை, தட்டும் வரவில்லை. அப்புறமும் பலர் நம்பிக்கையை விடவில்லை என்று 1956-ல் நூலாக எழுதினார்கள்.

சரி, எனக்கு உறுத்துவது வேறு. இருந்ததே சின்னக் கூட்டம். உள்ளே போவதற்காக இவர்கள் அளந்த கட்டுக்கதைகளையே அந்தக் குழு தெய்வ அடையாளமாக எடுத்துக்கொண்டது. நெருப்பின் சூட்டை அளக்கப் போனவர்கள் கையில் எண்ணெய்க் குடத்தோடு போயிருக்கிறார்கள். அந்த நூலை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் இதை ஏனோ சொல்வதில்லை.

ஒரு வாசகர்