புகையிலை விளைந்த ஊரில் ஓர் அறுவடைக் கண்காட்சி

சிம்கோ, ஒன்ராறியோ
ஒக்டோபர் மாதம்

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் இங்கு நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் தங்கச்சி குடும்பமும் நலமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். அம்மாவின் முழங்கால் வலிக்கு வைத்தியர் கொடுத்த குளிசை ஒத்துக்கொண்டதா என்பதை அடுத்த முறை பேசும்போது மறைக்காமல் சொல்லுங்கள். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்க இயலாத ஒரு விடயம் இருப்பதால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதுவும் முக்கியமாக ஐயாவுக்கென்றே எழுதுகிறேன்.

நான் இருக்கும் சிம்கோ, ரொறன்ரோவிலிருந்து தென்மேற்கே காரில் ஏறக்குறைய இரண்டு மணித்தியால தூரத்தில், ஈரி ஏரிக்குச் சமீபமாக உள்ள ஒரு சிறு பட்டினம். கனடா என்றால் பனியும் மாடிக் கட்டடங்களும்தான் என்று நம் ஊரில் நினைப்பார்கள், ஆனால் நோர்போக் கவுண்டி என்ற இந்தப் பகுதி முழுக்க முழுக்கத் தோட்டக்காரர்களின் இடம். மணற்பாங்கான, தண்ணீர் தேங்காத இந்த மண்ணை நம்பி 1920களில் இங்கே புகையிலை நட்டார்கள்; அதன் பின் வந்த தலைமுறைகள் புகையிலைக் காசிலேயே வீடு கட்டின, பிள்ளைகளைப் படிக்கவைத்தன. இதை வாசித்ததும் ஐயா நிமிர்ந்து உட்காருவீர்கள் என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

இந்நாட்டில் ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி கூறும் திருநாள். அதையொட்டி ஒரு வாரம் சிம்கோவில் விவசாயக் கண்காட்சி நடக்கிறது. இது 1840இல் தொடங்கியது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, அப்பர் கனடா என்று அழைக்கப்பட்ட இந்த மாகாணத்தில், விவசாயச் சங்கம் அமைத்துப் பணம் திரட்டும் மாவட்டங்களுக்கு அரசும் பணம் கொடுக்கும் என்று ஒரு சட்டம் வந்திருந்தது. நல்ல இன மாடுகளையும் நல்ல விதைகளையும் தருவிக்கவும், யாருடையது திறம் என்று போட்டி வைத்துப் பரிசு கொடுக்கவும் அந்தச் சங்கங்கள் ஏற்பட்டன. இராட்டினங்களும் பாட்டுக் கச்சேரிகளும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. இன்றைய பிள்ளைகள் அவற்றுக்காகவே வருகிறார்கள் என்பது வேறு கதை.

என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் என்னை அங்கே அழைத்துச் சென்றார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். இராட்டினப் பக்கம் தலைவைத்தும் பார்க்காமல், நேரே விளைபொருள் மண்டபத்துக்குள் கூட்டிச் சென்றார். நீளமான மேசைகளில் வெள்ளைக் காகிதத் தட்டுகள்; ஒவ்வொன்றிலும் ஐந்து அப்பிள், அல்லது ஐந்து உருளைக்கிழங்கு, அல்லது ஐந்து வெங்காயம். பெரியதாக இருந்தால் பரிசு கிடைத்துவிடும் என்று எண்ணியிருந்தேன், அப்படியில்லை. ஐந்தும் ஒரே பருமனாக, ஒரே நிறமாக, காம்பு முறியாமல் இருக்க வேண்டும். ஒரு தட்டில் நான்கு அப்பிள்கள் அச்சில் வார்த்தவை போல் இருந்தும், ஐந்தாவதில் காம்பு இல்லாத காரணத்தால் அத்தட்டு மூன்றாம் இடத்துக்குப் போயிருந்தது. முதல் பரிசுக்குச் சிவப்பு நாடா, இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு வெள்ளை. பரிசுப் பணம் சில டொலர்கள்தான், எரிபொருட் செலவுக்கும் காணாது. ஆனால் அந்த நாடாவுக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கிறார்கள்.

நண்பரின் தாயார் சதகுப்பை போட்டு ஊறவைத்த வெள்ளரிப் பிஞ்சுப் போத்தலுக்கு நீல நாடா கட்டியிருந்தது. போத்தலுக்குள் உப்புநீர் அளவுக்கு மேல் தாழ்ந்துவிட்டது என்று நடுவர் சிறு சீட்டில் எழுதிவைத்திருந்தார். அந்த அம்மையாருக்கு அது பெரிய மனத்தாங்கல். சிவப்பு நாடா பெற்ற போத்தலைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நெடுநேரம் குற்றம் தேடினார். நம் ஊரில் ஒருவர் வீட்டு ஊறுகாயை மற்றவர் வீட்டில் மனம்திறந்து பாராட்டிக் கேட்டிருக்கிறோமா? அந்த விடயத்தில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

இனிப் புகையிலை. கண்காட்சிக்கு வரும் வழியில், வயல்களின் நடுவே உயரமான சிறு மரக் கட்டடங்கள் வரிசையாக நிற்பதை நண்பர் காட்டினார். பல கூரை இடிந்து சாய்ந்துவிட்டன. அவை புகையிலை உலர்த்தும் சூளைகளாம். இலையைத் தடிகளில் கட்டி அடுக்கடுக்காக உள்ளே தொங்கவிட்டு, கட்டடத்தின் அடியில் ஓடும் குழாய்களின் வழியே சூட்டை மட்டும் செலுத்தி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் இலையைப் பொன்னிறமாக்குவார்களாம். அது சிகரெட்டுக்குப் போகும் இலை. புகை அதைத் தொடவே கூடாது. நாமோ குடிலுக்குள் தென்னம் பொச்சை எரித்து, கண்ணெரியப் புகைபோட்டுத்தான் பதப்படுத்துவோம், அது வாயில் போட்டு மெல்லும் இலை என்று நான் சொன்னபோது, அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். இலை முற்றும் நாட்களில் கையில் ஒட்டும் அந்தப் பிசினும், சோற்றில் கைவைத்தால் வரும் கசப்பும் இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்தன.

புகைப்பவர் தொகை குறைந்து, வெளிநாட்டு இலை மலிவாக வரத் தொடங்கியதும் இவர்களுடைய தொழில் படுத்துவிட்டது. 2008இல் மத்திய அரசு, புகையிலை பயிரிடும் உரிமையைத் திருப்பிக் கொடுப்பவர்களுக்கு, அந்த உரிமையில் குறித்த இறாத்தல் ஒன்றுக்கு 1 டொலர் 5 சதம் வீதம் தருவதாக அறிவித்தது. நண்பரின் தகப்பனார் அதை வாங்கிக்கொண்டு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார். இப்போது அங்கே கறுப்பு நிழற்துணிப் பந்தலின் கீழ் ஜின்செங் என்ற மூலிகைக் கிழங்கு வளர்கிறது. தோண்டி எடுக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், பெரும்பகுதி ஹொங்கொங், சீனச் சந்தைகளுக்குப் போகிறது. ஒருமுறை விளைந்த நிலத்தில் அது மறுபடி சரியாக வருவதில்லையாம். அடுத்து என்ன நடுவது என்ற கேள்வி இங்கேயும் தோட்டக்காரரை விடவில்லை.

பொழுது சாய்ந்து குளிர் ஏறத் தொடங்கிய வேளையில் குதிரைகளைப் பார்க்கப் போனோம். பெல்ஜியன், பெர்ச்செரோன் என்று இரண்டு இனங்கள். ஒவ்வொன்றும் 900 கிலோ வரை நிறை இருக்கும். உழவுக்கும் மரம் இழுக்கவும் வைத்திருந்த குதிரைகளை இன்று அழகுக்காகவும் பெருமைக்காகவும் வளர்க்கிறார்கள். ஆறு குதிரைகளை ஒரே வண்டியில் பூட்டி வளைவில் திருப்பியபோது காலடி மண் அதிர்ந்தது எனக்குத் தெரிந்தது. வண்டி ஓட்டியவர் ஒரு பெண். ஆறு கடிவாளங்களையும் விரல்களுக்கிடையில் பிரித்துப் பிடித்திருந்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்கவில்லை.

மாட்டுக் கொட்டிலில், பத்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி தன் கன்றின் வால்மயிரைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள். கிராமத்துப் பிள்ளைகள் ஒரு கன்றைப் பொறுப்பேற்று வளர்த்து, தீனிக்கணக்கு எழுதி, கடைசியில் நடுவர் முன் நடத்திக்காட்டும் சங்கம் ஒன்று நாடெங்கும் இருக்கிறது. 1913இல் மனிற்றோபா மாகாணத்தில் தொடங்கியது. நடுவர் மாட்டை மட்டும் பார்ப்பதில்லை, பிள்ளையிடமும் கேள்வி கேட்கிறார். நம் பிள்ளைகளுக்குத் தோட்ட வேலை தெரியக்கூடாது என்பதற்காகவே நாம் படிக்கவைத்தோம். அது சரியா பிழையா என்று நான் இப்போது வழக்காட வரவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. இந்தத் தோட்டங்களில் அப்பிள் ஆய்வதும் ஜின்செங் தோண்டுவதும் பெரும்பாலும் ஜமைக்காவிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் பருவத்துக்கு வந்து போகும் தொழிலாளர்கள். 1966இல் ஜமைக்காவோடும் 1974இல் மெக்சிக்கோவோடும் செய்த ஒப்பந்தங்களின்படி வருகிறவர்கள், குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. அன்று மாலை அவர்களில் சிலர் கூட்டமாக வந்து, மண்டபத்தில் தாங்கள் பறித்த பழம் சிவப்பு நாடாவோடு இருப்பதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். தட்டின் முன்னால் இருந்த சீட்டில் முதலாளியின் பெயர். அது விதி என்று நண்பர் சொன்னார்; விதிதான்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்பீர்கள். எண்ணெயில் பொரித்த மாவுதான் எங்கும், விலையும் அநியாயம். சீனியும் வெண்ணெயும் முட்டையும் வைத்துச் சுடும் பட்டர் டார்ட் என்ற சிறு பண்டம் மட்டும் நன்றாக இருந்தது. இந்த மாகாணத்துக்கே உரியது என்கிறார்கள்.

ஐயாவிடம் ஒரு வேலை. நண்பரின் தகப்பனாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. பழைய உழவு இயந்திரங்கள் நிறுத்தியிருந்த இடத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். உங்களைப் பற்றிச் சொன்னதும் என்னை அருகில் இருத்தி மூன்று கேள்விகள் கேட்டார். நுனி கிள்ளும்போது ஒரு கன்றில் எத்தனை இலை விடுவீர்கள், பக்க முளையை எத்தனை நாளுக்கு ஒரு தரம் ஒடிப்பீர்கள், புகைபோட்ட இலையை எவ்வளவு காலம் அடுக்கி மூடி வைப்பீர்கள். இவற்றுக்கு நீங்களே பதில் சொல்வதுதான் முறை. எழுதச் சிரமமாயிருந்தால் தங்கச்சியின் கைபேசியில் குரற்பதிவாக அனுப்புங்கள், நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். அவருக்குப் பொறுமை கிடையாது, நண்பரிடம் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாராம்.

இங்ஙனம்,
உங்கள் அன்பு மகன்