கிடைக்காமல் போன சவாரிகளையும் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்காக மாநகரங்கள் நடத்தும் தனி வண்டிச் சேவைகளின் வரவு செலவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிப்போகும் வண்டிக்கு வழக்கமான பேருந்தைவிடப் பல மடங்கு செலவாகும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது உண்மைதான். அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, இத்தகைய ஒரு சவாரிக்குப் பேருந்துச் சவாரியைப் போல மூன்றரை மடங்கு செலவானது தெரியவந்தது. ஆனால் எதிர்பார்த்ததைவிடச் சவாரிகள் குறைந்து, ஒதுக்கிய பணத்திலும் மிச்சம் பிடித்தால் அது நல்ல நிர்வாகம் என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் கணவர் எட்டு வருடங்களாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஐந்து வருடங்களாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போவதற்கு வண்டி சொல்வதில் சிரமமில்லை. எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பது தெரியும். திரும்பி வருவதுதான் பெரும்பாடு. ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கச் சில நாள் அரை மணி நேரம் கூடுதலாகும். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால் நர்ஸ் எழுந்திருக்க விடமாட்டார். வெளியே வந்து நிற்கும் வண்டி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடும். 'பயணி வரவில்லை' என்று என் கணவர் பெயரில் பதிவாகும். அப்படி நான்கு சேர்ந்தபோது, சேவை நிறுத்தப்படலாம் என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு, "வாரம் ரெண்டு நாள் போனா போதாதா?" என்று என்னிடம் கேட்டார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அமெரிக்காவின் விதிகளில் இதற்கு இடமில்லை. பயணியின் கையில் இல்லாத காரணத்தால் தவறிய சவாரியை வைத்து யாருடைய சேவையையும் நிறுத்தக் கூடாது என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சேவைகளை அளக்கப் பெரிதும் பயன்படுவது, ஒரு வண்டி ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றியது என்ற கணக்கு. அது கூடினால் சவாரிக்கான செலவு குறையும், அறிக்கை அழகாக இருக்கும். ஆனால் எப்படிக் கூடுகிறது? வழியில் இன்னும் இரண்டு பேரை ஏற்றி, ஒருவரை இறக்கி, சுற்றிக்கொண்டு வருவதால்தான். இருபது நிமிட வழியில், டயாலிசிஸ் முடிந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் மனிதர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வருகிறார். சக்கர நாற்காலியை லிஃப்டில் ஏற்றி, நான்கு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்கவே நேரம் பிடிக்கும். அதைச் சரியாகச் செய்யும் ஓட்டுநர் ஒரு மணி நேரத்தில் ஏற்றும் பயணிகள் குறைவாகத்தான் இருப்பார்கள். அவரைப் பாராட்ட அந்தக் கணக்கில் வழியே கிடையாது.

நடக்க முடிந்த பயணிகளை டாக்ஸிக்கு மாற்றிச் செலவைக் குறைப்பதும் நடக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் சேவையின் வேன்களுக்கு மிஞ்சுவது மிகக் கடினமான சவாரிகள். இரண்டையும் சேர்த்து ஒரே சராசரி போட்டால் எதுவும் விளங்காது.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. அடுத்த வருடம் எத்தனை சவாரிகள் தேவைப்படும் என்பதை, இந்த வருடம் கொடுத்த சவாரிகளை வைத்தே கணிக்கிறார்கள். 'அந்த நேரத்துக்கு வண்டி இல்லை' என்று சொல்லி அனுப்பியவை அதில் இல்லை. தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்து வைத்துவிட்டவர்களும் இல்லை. கொடுத்தது குறைந்ததால் தேவை குறைந்தது என்று எழுதி, ஒதுக்கீட்டைக் குறைத்து, அடுத்த வருடம் இன்னும் சிலருக்கு இல்லை என்கிறார்கள். 2020-இல் பெருந்தொற்றின்போது மற்றப் பயணங்கள் சரிந்தன. அந்தக் காலத்து எண்களை அடிப்படையாகக் கொண்டால் இது இன்னும் மோசமாகும். டயாலிசிஸ் மட்டும் அப்போதும் நிற்கவில்லை. நாங்கள் நண்பர் வீட்டுக்கும் நூலகத்துக்கும் வண்டி கேட்பதை விட்டு இரண்டு வருடமாகிறது. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தபின் யார் கேட்பார்கள்? எங்களைப் போன்றவர்கள் கேட்காமல் விட்டதும் அந்த மிச்சத்தில் அடக்கம்.

செலவுக்கு எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு இந்தச் சேவை என்பதற்கு விதி வேண்டும். சாதாரணப் பேருந்துகளும் நிறுத்தங்களும் சக்கர நாற்காலி ஏற வசதியாக இருந்தால், அதில் போகக்கூடியவர்கள் போவார்கள். செலவைக் குறைக்க அதைவிட நேர்மையான வழி இல்லை. ஆனால் ஒருவருக்குத் தகுதி உண்டு என்று முடிவுசெய்த பிறகு, வரிசையில் நிறுத்திச் சிக்கனம் பிடிப்பது தவறு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2011-இல் வந்த விதிகளின்படி, ஒருவர் இத்தனை சவாரிகள்தான் கேட்கலாம் என்று எண்ணிக்கை வரம்பு போட முடியாது. அமெரிக்க விதியில், கேட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பின் தாண்டி வண்டி தந்தால், பயணி வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டாலும் அது மறுப்பாகவே எண்ணப்படும். போகும் சவாரி இருந்து திரும்பும் சவாரி இல்லாததால் ஒருவர் பயணத்தையே கைவிட்டால், இரண்டு மறுப்பு. எனக்கு அந்த எண்ணும் முறை மிகவும் பிடித்திருக்கிறது. போய்விட்டுத் திரும்ப முடியாத பயணத்தை வேறு எப்படி எண்ணுவது?

2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு, அவர்கள் விரும்பும் விதத்தில், விரும்பும் நேரத்தில், கட்டுப்படியாகும் செலவில் இடம்பெயர வழிசெய்ய வேண்டும் என்கிறது. நேரம் என்ற சொல் அங்கே இருப்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இத்தகைய சேவையின் கணக்கை அடுத்த முறை உங்கள் இதழில் வெளியிடும்போது, செலவுக்கும் சவாரி எண்ணிக்கைக்கும் பக்கத்தில் மறுக்கப்பட்டவை எத்தனை, தாமதமாக வந்தவை எத்தனை, பயணி வண்டிக்குள் இருந்த நேரம் எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி